பஸ் எங்கே நிற்கும்?

மரக்காணம் கடைத்தெரு வணிகர்களுக்கும் கட்டட உரிமையாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்



கொஞ்ச நாளாக நம் தெருவில் வேறு பேச்சே இல்லை. சாலையை அகலப்படுத்த எத்தனை அடி எடுப்பார்கள், யாருடைய முகப்பு போகும், யாரிடம் பட்டா சரியாக இருக்கிறது, யாருக்கு வெறும் அனுபவ பாத்தியதைதான், சதுர அடிக்கு என்ன தருவார்கள் என்றே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம். எதிர்வரிசை அண்ணன் ஒருவர் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு சாலையின் நடுக்கோட்டிலிருந்து தன் கடைப்படி வரைக்கும் அளந்தார். லாரிக்காரன் ஹாரன் அடித்தும் நகரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. போகப்போவது அவர் அப்பா வைத்த கடை.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி வரை 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்ட்டில் ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 2,157 கோடி ரூபாய். வடக்கே மாமல்லபுரத்திலிருந்து முகையூர், முகையூரிலிருந்து மரக்காணம் என்று பிரித்த வேலைகள் அதற்கு முன்பே ஆரம்பித்தாயிற்று. 332ஏ தேசிய நெடுஞ்சாலையான ஈ.சி.ஆரின் அந்தத் துண்டும் இந்தத் துண்டும் சந்திக்கிற முனையில் நாம் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறோம். ஊர் மாறத்தான் போகிறது. முன்கூட்டியே இரண்டு மாடி, மூன்று மாடி எழுப்ப நினைக்கிறவர்கள் நமக்குள்ளேயே இருக்கிறார்கள். கீழே ஷோரூம், மேலே லாட்ஜ், பக்கத்தில் கார் நிறுத்த இடம் என்று பிளான் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இத்தனை பேச்சில் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. ரோடு போட்ட பிறகு பஸ் எங்கே நிற்கும்?

நம்முடைய வாடிக்கையாளர் யார் என்று ஒரு நாள் நிதானமாகப் பாருங்கள். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிற பெண்கள் வருகிறார்கள். தலையில் சும்மாட்டுத் துணி, கையில் தூக்குவாளி, கால்வெடிப்புக்கு ஏதாவது தடவி அதன்மேல் பழைய சாக்ஸ். வெயில் ஏறினால் பாத்தியில் நிற்க முடியாது, அதனால் இருட்டிலேயே இறங்கியாக வேண்டும். வெற்றிலை பாக்கு, ஒரு டீ, இரண்டு பொறை வாங்குவார்கள். வேலை முடித்துத் திரும்பும்போது அரைக் கிலோ தக்காளி, குழந்தைக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். அவர்கள் போனதும் குப்பங்களிலிருந்து மீன் அன்னக்கூடையோடு அக்காமார்கள் இறங்குவார்கள். பத்து மணிக்குத் தாலுகா ஆபீஸ் வேலைக்கு வருகிறவர்கள். அவர்களை நம்பித்தான் என் ஜெராக்ஸ் கடை ஓடுகிறது. சாயந்திரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வருகிறவர்கள், அல்லது நடந்து வருகிறவர்கள். சனி ஞாயிறு சென்னையிலிருந்து பாண்டிக்குப் பறக்கிற கார்களில் எத்தனை நம் கடை முன்னால் நிற்கின்றன? நிற்கிற ஒன்றிரண்டும் இளநீருக்கோ கழிப்பறை விசாரிக்கவோதான் நிற்கின்றன. சாலை நான்கு வழியானால் அதுவும் நிற்காது. வேகமாகப் போவதற்குத்தான் அவ்வளவு பணம் கொட்டிச் சாலை போடுகிறார்கள்.

இதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. மேற்கே ஜி.எஸ்.டி. சாலை நான்கு வழியானபோது மதுராந்தகத்தில் நடந்ததைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலான வெளியூர் பஸ்கள் பைபாஸிலேயே ஆளை இறக்கிவிட்டுப் போகின்றன. ராத்திரி பதினோரு மணிக்குப் பையும் குழந்தையுமாக அந்த இருட்டில் இறங்கி, ஊருக்குள் போக ஆட்டோவுக்குக் கேட்ட காசைக் கொடுத்தவர்களுக்குத் தெரியும். வடக்கே மாமல்லபுரம் உலகமே வந்து பார்க்கிற ஊர். அங்கேயே ஈ.சி.ஆரில் போகும் பாண்டி பஸ்கள் பெரும்பாலும் ஊருக்குள் போவதில்லை. வெளிச்சாலையில் இறக்கிவிடுகிறார்கள், அங்கிருந்து ஆட்டோதான். பல்லவன் கோயிலுக்கே பஸ் உள்ளே வரவில்லை என்றால் நம் பூமீஸ்வரர் கோயில் தெருவுக்காக எந்த டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்புவார்?

இப்போதே பாதி பஸ் நிற்பதில்லை. சென்னை கோயம்பேட்டில் ஏறும்போதே “பாண்டி மட்டும் ஏறு, வழியில எங்கயும் நிக்காது” என்று படிக்கட்டில் நின்று கத்துவது காதில் விழாதவர் நம் ஊரில் உண்டா? புதுச்சேரி வரைக்கும் முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு மரக்காணத்தில் இறங்குகிறோம். இறங்கும்போது கண்டக்டர் பார்க்கிற பார்வையையும் அந்த டிக்கெட்டோடு சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். இன்றைக்குச் சாலை ஊருக்குள்ளேயே போவதாலும், கூட்டத்தில் வண்டி எப்படியும் மெதுவாகப் போக வேண்டியிருப்பதாலும் நிறுத்தித் தொலைக்கிறார்கள். சாலை மேம்பாலமாக எழும்பினாலோ ஊரைச் சுற்றிக்கொண்டு போனாலோ அந்தக் கட்டாயமும் போய்விடும்.

சென்னையிலிருந்தும் பாடம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் ஒரு பழங்கதை, நம் தொழில் சம்பந்தப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் தெற்கே முடிகிற இடம் மரக்காணம். நம் உப்பு அந்தக் கால்வாயில் படகேறித்தான் பட்டணம் போனது. சென்னையில் சென்ட்ரலுக்குப் பின்னால் சால்ட் கோட்டார்ஸ் என்று ரயில்வே சரக்கு யார்டு ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. உப்புக் கிடங்கு இருந்ததால் வந்த பெயர். பிற்பாடு சென்னைக்குள் அந்தக் கால்வாயின் மேலேயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. சென்னைக்குள் ஓடுகிற கால்வாய்க்கு ரயில் கிடைத்தது, தென்கோடியில் இருக்கிற நமக்கு ஆகாயத்தாமரை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், காக்கிநாடா முதல் புதுச்சேரி வரைக்குமான கால்வாய்களோடு நம் கழுவேலி ஏரியையும் சேர்த்து 2008இல் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்திருக்கிறார்கள். சட்டப்படி நம் ஊருக்குப் படகுப் போக்குவரத்து உண்டு. படகுதான் இல்லை.

சென்னைப் பாடத்துக்கு வருகிறேன். வெளியூர் பஸ்கள் 2002 வரை பாரிமுனையிலிருந்து கிளம்பின. நம் பெரியவர்கள் அதைப் ‘பாரிஸ் பஸ்’ என்பார்கள். அதைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். கோயம்பேட்டுக்கு மெட்ரோ வந்தது 2015இல். பதின்மூன்று வருஷம் ஜனங்கள் மூட்டையோடு மாநகர பஸ்ஸில் இடிபட்டார்கள். 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோதும் அதே கதை நடந்தது. 88 ஏக்கரில் பிரம்மாண்டமான நிலையம், பக்கத்திலேயே தண்டவாளம் போகிறது, ஆனால் அன்றைக்கு ரயில் நிற்க நிலையம் இருக்கவில்லை. கட்டடத்தை முதலில் கட்டிவிட்டு இணைப்பைப் பிறகு யோசிப்பது நம் நாட்டுப் பழக்கம். நல்லவேளை, ஈ.சி.ஆர். வழி பஸ்களைக் கோயம்பேட்டிலேயே விட்டுவைத்தார்கள். பாரிமுனையின் அந்தப் பழைய பிராட்வே நிலையத்துக்கு இப்போது 823 கோடி ரூபாயில் வேறு திட்டம் போட்டிருக்கிறார்கள். பஸ், மெட்ரோ, கோட்டை ரயில் நிலையம், கடற்கரை ரயில் நிலையம் எல்லாவற்றையும் நடைபாதையால் கோக்கிற வளாகம். பஸ்ஸை ஊர் நடுவிலிருந்து துரத்திய நகரமே இருபது வருஷம் கழித்து, ஊர் நடுவில் பஸ்ஸும் ரயிலும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று செலவு பண்ணிக்கொண்டிருக்கிறது. நாம் அந்த இருபது வருஷச் சுற்றைச் சுற்ற வேண்டாமே.

“ஊருக்கு வெளியே புது பஸ் ஸ்டாண்டு கட்டிக்கொள்ளலாம், கடைத்தெருவும் விசாலமாகும்” என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். எங்கே கட்டுவது? கிழக்கே கடல். வடக்கே ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி. மேற்கும் தெற்கும் கழுவேலி. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தாயிற்று, 5,151 ஹெக்டேர். பழவேற்காட்டுக்கு அடுத்து தென்னாட்டின் பெரிய உவர்நீர் ஏரி. பூநாரை வந்து இறங்குகிற சேற்றில் பஸ் ஸ்டாண்டுக்கு மண் கொட்ட யாரும் அனுமதி தரப்போவதில்லை, தரவும் கூடாது. பாத்தியில் மண் கொட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஃபெங்கல் புயல் சாட்சி. 2024 நவம்பர் 30 ராத்திரி அது கரையேறியபோது தண்ணீர் எங்கெல்லாம் போய் நின்றது என்று பார்த்தோம். அந்தப் பள்ளங்கள் தண்ணீருக்கு வேண்டும். புது ரோட்டை உயர்த்திப் போடும்போது கல்வெர்ட் குழாய் போதுமான அளவுக்கு வைக்காவிட்டால் அடுத்த புயலுக்கு நம் கடைக்குள் முட்டிக்கால் தண்ணீர் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன். அது தனி மனு.

ஆக, இந்த ஊரில் காய்ந்த மேட்டு நிலம் என்பதே நாம் உட்கார்ந்திருக்கிற இந்தத் துண்டுதான். பஸ் நிற்கவும் வேறு இடமில்லை.

ரயில் வரும் என்று காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பெருங்குடியிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூர் வரை சுமார் 179 கிலோமீட்டர் கடற்கரை ரயில்பாதை என்று அறிவித்துப் பல வருஷம் ஆகிறது. ரயில்வேயின் திட்ட ஒதுக்கீட்டுப் புத்தகத்தில் சில வருஷங்களில் அதற்கு எழுதியிருந்த தொகை ஆயிரம் ரூபாய். கோடி இல்லை, லட்சம் இல்லை. நம் கடைத்தெருப் பிள்ளையாருக்குச் சதுர்த்தி வசூலில் ஒருவர் எழுதுகிற தொகை. திட்டம் செத்துவிடவில்லை என்று காட்ட அப்படி எழுதுவார்களாம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் ஐந்து கிலோமீட்டர் பறக்கும் ரயில், அதில் கடைசி 500 மீட்டர் நிலத் தகராறிலேயே பத்து வருஷத்துக்கு மேல் நின்றது. 179 கிலோமீட்டருக்கு நம் பேரப்பிள்ளைகள் ஆயுளும் போதுமோ என்னவோ. ரயில் வேண்டாம் என்று சொல்லவில்லை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் இன்றைக்கு நம் ரயில் நிலையம் சுமார் 35 கிலோமீட்டர் தள்ளித் திண்டிவனத்தில் இருக்கிறது. காலையில் சென்னைப் பக்கம் போகும் ரயிலைப் பிடிக்கிற நேரத்துக்கும், ராத்திரி இறங்குகிறவர்கள் வீடு திரும்புகிற நேரத்துக்கும் ஒரு திண்டிவனம் பஸ் ரயில் கணக்குப்படி ஓடினால் பாதி ரயில்வே திட்டம் நமக்கு வந்துவிட்ட மாதிரி. அதற்குத் தண்டவாளம் வேண்டாம், டைம் டேபிளில் ஒரு வரி போதும்.

அதேபோல, சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் பாதை திருவான்மியூரைத் தொடுகிறது. பறக்கும் ரயில் ஏற்கெனவே அங்கே நிற்கிறது. ஈ.சி.ஆர். பஸ்கள் திருவான்மியூரைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போக வேண்டும். ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பையன்களும் பெண்களும் கோயம்பேடு வரை போய்த் திரும்ப வேண்டாம், அங்கேயே மாறிக்கொள்ளலாம். வாரக்கடைசியில் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள் நம் கடைத்தெருவில் இறங்கினால் நம்மிடம் வாங்குவார்கள். மேம்பாலத்தின் மேல் இறங்கினால் பைக்கில் நேரே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

இப்போது பெண்கள் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் காசில்லை. ‘விடியல் பயணம்’ என்று பெயர். நம் ஊரில் விடியலுக்கு முன்னாலேயே பயணம் போகிறவர்களுக்கு அது எவ்வளவு கிடைக்கிறது? ஈ.சி.ஆரில் ஓடுகிற பஸ்களில் பெரும்பாலானவை புறநகர் வண்டி, எக்ஸ்பிரஸ் வண்டி. அவற்றில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மழை மாதங்களில் அளம் மூடிவிட்டால் நம் பெண்கள் பாண்டிப் பக்கம் சித்தாள் வேலைக்குப் போகிறார்கள். அரசு அந்த மாதங்களுக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது, நல்ல காரியம். ஆனால் தினம் போகவர பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகிறது என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், நிவாரணத்தில் எவ்வளவு சக்கரத்துக்கே போகிறது என்று தெரியும். 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய மினி பஸ் திட்டத்தில் 25 கிலோமீட்டர் வரை வழித்தடம் கேட்கலாம், பஸ் போகாத பகுதிகளுக்கென்றே வந்த திட்டம் அது. எக்கியார்குப்பம் போன்ற குப்பங்களையும் அளத்தோரக் கிராமங்களையும் கோக்க அது பயன்படும். ஆனால் அது தனியார் வண்டி, பெண்களுக்கு இலவசமில்லை. ஆகவே இரண்டும் வேண்டும். குப்பத்துக்கு மினி பஸ், அளத்து வேலைக்கு விடியற்காலை நகரப் பேருந்து. அந்தப் பெண்ணின் கையில் மிஞ்சுகிற இருபது ரூபாய் சாயந்திரம் யார் கடைக்கு வரும் என்று நான் வியாபாரிகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பஸ் நிற்கிற இடத்தை நாம் வைத்திருக்கிற லட்சணம் சரியில்லை. நிழற்குடைக்கு முன்னால் நம் பைக், அதன் மேல் நம் பேனர். பெட்டிக் கடையிலிருந்து ஜவுளிக் கடை வரை ஆளுக்கு மூன்றடி ஷீட்டை இழுத்துவிட்டு நடைபாதையை மூடியிருக்கிறோம். வண்டி ஓரம் கட்ட முடியாமல் நடு ரோட்டில் நிற்கிறது, பின்னால் உப்பு லாரி ஹாரன் அடிக்கிறது, ஏறுகிற கிழவி தடுமாறுகிறாள். பிறகு “பஸ்ஸால்தான் டிராஃபிக், அதை வெளியே தள்ளு” என்று நாமே பேசுகிறோம். பஸ்ஸைத் தள்ளினால் டிராஃபிக்கோடு ஜனமும் போகும். ஷீட்டை மூன்றடி உள்ளே இழுத்துக்கொள்வது மலிவு. இதைச் சாக்காக வைத்துக்கொண்டு தரையில் கூடை வைத்து மீனும் கீரையும் விற்கிற பெண்களைக் கிளப்பச் சொல்லாதீர்கள். 2014ஆம் வருஷச் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கும் இடம் தருகிறது. அவர்கள் கூட்டம் இருப்பதால்தான் நம் கடைக்கும் கூட்டம்.

நேரமும் அதிகமில்லை. நில எடுப்புக்கு அறிவிப்பு வந்தால் ஆட்சேபம் சொல்ல 21 நாள்தான். அந்த 21 நாளில் எல்லோரும் விலையைப் பற்றி மட்டும் எழுதினால் அதிகாரியும் விலையைப் பற்றி மட்டும்தான் பதில் எழுதுவார். இந்த வேலை கொடுக்கப்படுகிற முறையில், ஒப்பந்தக்காரருக்குக் கட்டும்போது 40 சதவீதம், மீதி பிற்பாடு வருஷக்கணக்கில் தவணை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு “இங்கே ஒரு சர்வீஸ் ரோடு, அங்கே ஒரு பஸ் பே” என்று கேட்டால் கூடுதல் செலவு என்று கோப்பு டெல்லிக்கும் சென்னைக்கும் அலையும். கோடு காகிதத்தில் இருக்கிறபோதே பேச வேண்டும். பஸ் எங்கே நிற்க வேண்டும் என்பதை மோட்டார் வாகனச் சட்டம் 117ஆவது பிரிவின்படி உள்ளாட்சியைக் கலந்துதான் முடிவு செய்ய வேண்டும். நம் பேரூராட்சி மன்றம் தீர்மானம் போட்டால் அதற்கு எடை உண்டு. வட்டாரப் போக்குவரத்து ஆணையத்தின் தலைவர் மாவட்ட ஆட்சியர், ஆக விழுப்புரத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பதிலும் குழப்பமில்லை.

என் கணக்கில் கேட்க வேண்டியது இதுதான். நான்கு வழிச் சாலை எப்படிப் போனாலும், மேலே போகட்டும் சுற்றிப் போகட்டும், பழைய சாலை பஸ் வந்து திரும்பிப் போகிற சாலையாகவே இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பஸ் ஏறி இறங்கத் தோதான வாய் விட வேண்டும். ஒரு முனையை அடைத்துவிட்டால் எந்த டிரைவரும் உள்ளே வரமாட்டார். எக்ஸ்பிரஸ் உட்பட எல்லா வண்டிக்கும் மரக்காணம் நிறுத்தம் என்று வழித்தடப் பட்டியலில் எழுத வேண்டும், கண்டக்டர் மனசைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. அளத்துக்கு நடக்கிறவர்கள் நான்கு வழியைத் தாண்ட, மேலே ஏறி இறங்குகிற பாலமாக இல்லாமல், ரோட்டுக்கு அடியில் குனியாமல் போகிற வழி வேண்டும். தலையில் கூடை வைத்தவள் நாற்பது படி ஏற மாட்டாள். நடுச்சுவரைத் தாண்டித்தான் குதிப்பாள். அதற்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து போஸ்டர் அடிப்போம், அது வேண்டாம்.

இழப்பீட்டுச் சண்டையை விடச் சொல்லவில்லை. அதில் நானும் இருக்கிறேன், என் முகப்பும் போகிறது. அந்தச் சண்டையின் பேப்பரோடு இந்தப் பேப்பரும் போகட்டும் என்கிறேன். மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழில் இரண்டு பக்கம், கூடவே கையால் வரைந்த ஒரு வரைபடம். பஸ் எந்தப் பக்கம் உள்ளே வரும், எங்கே திரும்பும், மீன்காரப் பெண்கள் எங்கே உட்காருவார்கள் என்று குறித்திருக்கிறேன். தப்பிருந்தால் பென்சிலால் திருத்துங்கள். பேரூராட்சிக்கு ஒன்று, ஆட்சியருக்கு ஒன்று, நெடுஞ்சாலை ஆணையத்துக்கு ஒன்று, போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டத்துக்கு ஒன்று. கடை சீல் இருக்கிறவர்கள் சீலோடு வாருங்கள். ஜெராக்ஸுக்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரி
மரக்காணம்